குடியும் ஃபமிலியும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில் ஒரு சொல்லின் வரலாறு

மொழிபெயர்ப்பில் ஈடுபடுவோரைத் தடுமாற வைப்பன அருஞ்சொற்கள் அல்ல. அன்றாடம் வழங்கும் எளிய சொற்களே. அருஞ்சொல் எதிர்ப்படின் அகராதியைப் புரட்டிப் பொருள் காண்பர். எளிய சொல்லுக்கோ பொருள் முன்பே தெரியும் என்னும் துணிவினால் அதனை ஆராயாது கடந்து செல்வர். ஆங்கிலத்தில் ‘ஃபமிலி’ என்னும் சொல் அத்தகையது. பள்ளிச் சிறுவனும் அதற்குக் ‘குடும்பம்’ எனத் தயங்காது பொருள் கூறுவான். ஆயின் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் மக்களின் காணியும் வீடும் எவருக்கு உரியன என்பதைத் தீர்மானித்த கருத்துக்களுள் அச்சொல் சுமந்துவந்த கருத்தும் ஒன்றாகும். சட்டத்தின் வாயிலாகவும் அரசாங்கப் படிவத்தின் வாயிலாகவும் அது அப்பிரதேசத்துள் நுழைந்தபோதெல்லாம், அங்கு முன்னரே வேரூன்றியிருந்த ‘குடி’ என்னும் சொல்லோடு மோதவேண்டியதாயிற்று.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பை முதலில் நோக்குதல் தகும். அது இலத்தீன் மொழியில் ‘ஃபமிலியா’ என வழங்கியது; ஏவலாள் என்னும் பொருள்தரும் ‘ஃபமுலுஸ்’ என்பதன் அடியாகப் பிறந்தது. உரோமரிடையே ஒரு தலைவனின் அதிகாரத்துக்குட்பட்ட அடிமைகள், மனைவி, மக்கள், பொருள் யாவும் சேர்ந்ததே ‘ஃபமிலியா’ எனப்பட்டது. இரத்த உறவு அதன் முதன்மைப் பொருளன்று. ஒருவனின் ஆணைக்கு அடங்கியிருத்தலே அதன் உட்பொருள். பதினைந்தாம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்துட் புகுந்த இச்சொல், நெடுங்காலம் ஒரு வீட்டின் ஏவலாளரையும், ஒரு கூரையின் கீழ் வாழும் அனைவரையும் குறித்து வந்தது. கணவன், மனைவி, அவர்தம் மக்கள் என்னும் சிறு வட்டத்தையே சிறப்பாகக் குறிக்கும் இன்றைய வழக்கு பிற்காலத்தில் வலுப்பெற்றதாகும். ரேமண்ட் வில்லியம்ஸ் 1976 ஆம் ஆண்டு வெளியிட்ட சொற்களஞ்சிய ஆய்வில் இச்சொல்லுக்கெனத் தனிக்கட்டுரை எழுத நேர்ந்தமை இதன் பொருட்சிக்கலுக்குப் போதிய சான்றாகும்.

இதன் ஒருபொருட் கிளவிகளும் பல. ஹவுஸ், ஹவுஸ்ஹோல்ட், கின், கிளான், லைன், ஸ்டொக், ரேஸ் என்பன ஒன்றுக்கொன்று நெருங்கியவை போலத் தோன்றினும் ஒவ்வொன்றும் உறவை வெவ்வேறிடத்தில் வெட்டுகின்றது. ‘கிளான்’ என்பது ஸ்கொத்லாந்தின் கேலிக் மொழியில் மக்கள், பிள்ளைகள் என்னும் பொருளுடையது. ‘ஹவுஸ்’ கட்டடத்தையும் அரச மரபையும் ஒருங்கே சுட்டுகின்றது. தாவரவியலார் செடிகளையும் ‘ஃபமிலி’ எனப் பகுத்தனர். 1856 இல் கால்டுவெல் எழுதிய ஒப்பிலக்கண நூலின் தலைப்பிலேயே இச்சொல் இடம்பெற்றமையால் தமிழ் பயிலும் மாணவர் இன்றும் ‘மொழிக்குடும்பம்’ என்கின்றனர். இலங்கையிலும் இந்தியாவிலும் பேச்சுவழக்கில் ‘ஃபமிலியோடு வந்திருக்கிறார்’ என்றால் மனைவியோடு வந்திருக்கிறார் என்பதே பொருள். சிங்களத்தில் ‘பவுல’ என்னும் சொல்லும் குடும்பத்தையும் மனைவியையும் குறிப்பதாகும். கடல் கடந்து வந்த சொல்லும் இம்மண்ணில் இவ்வாறு மனைவியைச் சென்றடைந்தமை சுவையானது.

தமிழில் ‘குடி’ என்னும் சொல்லின் பரப்பு இதற்குக் குறைந்ததன்று. மாங்குடி கிழார் பாடிய புறநானூற்று 335 ஆம் பாட்டுத் துடியன் முதலிய நால்வகையினரைக் குடி என எண்ணுகின்றது. அங்கு அது தொழில்வழிப்பட்ட மக்கட்பிரிவு. திருக்குறளில் ‘குடிமை’ என்னும் 96 ஆம் அதிகாரத்தில் அது உயர்பிறப்பு. ‘குடிசெயல்வகை’ என்னும் 103 ஆம் அதிகாரத்தில் ஒருவன் தாங்கி உயர்த்த வேண்டிய தன் குடும்பம். செங்கோன்மை கூறுமிடத்தில் மன்னனால் புரக்கப்படும் மக்கள். ஒரே நூலில் ஒரே ஆசிரியர் கையில் மூன்று பொருள்! காரைக்குடி, தூத்துக்குடி முதலியவற்றில் அது குடியிருப்பு. யாழ்ப்பாணத்துப் பழைய வழக்கில் ‘குடிமக்கள்’ என்போர் மேலோர்க்குத் தொழும்பு செய்யக் கடமைப்பட்ட சாதியினர். தமிழ்நாட்டார் ‘குடியுரிமை’ என்பதனை இலங்கைச் சட்டம் ‘பிரசாவுரிமை’ என்கின்றது. ஆயினும் 1972 இல் நாடு ‘குடியரசு’ ஆயிற்று. மதுவருந்துதலைக் குறிக்கும் குடி வேறு. எனினும் கிழக்கிலங்கைக்குப் புதிதாக வரும் ஆசிரியர்களையும் உத்தியோகத்தர்களையும் ‘உமக்கு என்ன குடி?’ என்னும் வினா முதலில் திகைக்கவைப்பதற்கு அச்சொல்லே காரணம்.

அவ்வினாவின் பொருள் மட்டக்களப்பில் முற்றிலும் வேறானது. வாவியின் கிழக்கே கடலுக்கும் நீருக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணற்றிடர் எழுவான்கரை எனப்படும். மேற்கே வயல்களும் குளங்களும் காடும் பொருந்திய நிலம் படுவான்கரை. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுடைய இவ்வாவியைச் சூழ்ந்தும் அதற்குத் தெற்கே அக்கரைப்பற்று, திருக்கோவில் வரையும் பரந்துள்ள தமிழூர்களிலும் முஸ்லிம் ஊர்களிலும் ஒவ்வொருவரும் ஒரு குடிக்கு உரியவராவர். அக்குடி தாய்வழியே வருவது. தந்தை எக்குடியினராயினும் பிள்ளைகள் தாயின் குடியினரே. ஒரே குடியைச் சேர்ந்த ஆணும் பெண்ணும் உடன்பிறந்தார் நிலையினராகக் கருதப்படுதலின் அவர்களிடையே மணம் நிகழ்வதில்லை. உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாட்சி குடி, பணிக்கனார் குடி என்பன அவற்றுட் சில. இப்பெயர்களுள் நிலக்கிழாரின் பட்டமும் நாட்டுப் பெயரும் போர்த்தொழிலும் கலந்து கிடக்கின்றன. ‘பணிக்கன்’ என்பது ஏறாவூர்ப் பக்கத்தில் யானை பிடிப்பதில் வல்ல முஸ்லிம்களுக்கும் வழங்கிய பட்டமாகும்.

களுவாஞ்சிகுடியிலோ காத்தான்குடியிலோ வாழும் ஒருவருக்கு ‘குடி’ ஒரே வேளையில் ஊர்ப்பெயரின் ஈறாகவும் தாய்வழிப் பெயராகவும் அமைகின்றது. குழப்பம் எதுவும் விளைவதில்லை. குடிக்குள்ளே இன்னும் நெருங்கிய உறவுடையோரை ‘வயிற்றுவார்’ என்பர். வயிற்றை ‘வகுறு’ என ஒலிப்பது இப்பிரதேசப் பேச்சு வழக்காதலின் அச்சொல் ‘வகுத்துவார்’ எனவும் கேட்கப்படும். ஒரு வயிற்றிலிருந்து வந்தோர் என்பதே கருத்து. சுமாத்திராவின் மினங்கபாவு மக்களும் தாய்வழியினரே. அவர்கள் தம் வழிப்பிரிவைக் குறிக்கும் ‘பாருய்க்’ என்னும் சொல்லுக்கும் வயிறு என்பதே பொருளாகும். இரு நாடுகளும் ஒருகாலத்தில் ஒல்லாந்தரின் கீழ் இருந்தனவேனும் இவ்வொற்றுமைக்கு அவர்கள் காரணரல்லர். தாய்வழியை எண்ணும் சமுதாயங்கள் உடலிலிருந்தே சொல்லை எடுத்தன எனக் கொள்வதே பொருத்தமாகும்.

குடி மணவுறவை வரையறுப்பதோடு நின்றுவிடவில்லை. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரம், திருக்கோவில் சித்திரவேலாயுதர் கோயில், மண்டூர்க் கந்தசுவாமி கோயில் போன்ற பெருங்கோயில்களில் உரிமையும் கடமையும் குடிகளுக்கும் ஊர்களுக்கும் பகுக்கப்பட்டன. கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கர் பதவி குடியின் பேரால் வகிக்கப்படுவது. மரபுப்படி அது தந்தையிடமிருந்து மகனுக்கன்றி மாமனிடமிருந்து மருமகனுக்குச் செல்வது. திருவிழா முடிவில் எக்குடியார் முதலில் காளாஞ்சி பெறுவது என்பதில் எழும் பிணக்கு வழக்குமன்றம் வரை செல்லக்கூடியது. வெற்றிலையும் பாக்கும் சுமந்த அத்தட்டில் ஒரு பிரதேசத்தின் அதிகார வரலாறு முழுவதும் அடங்கியிருந்தது என்பது மிகையாகாது. முஸ்லிம் ஊர்களில் பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிதோறும் மரைக்காயர் இடம்பெற்றமையும் இதனோடு ஒத்ததே.

இரு சமயத்தாரும் ஒரே முறையைக் கைக்கொண்டமைக்கு வாய்மொழி மரபு ஒரு கதை கூறும். திமிலரோடு முக்குவர் பொருதபோது முஸ்லிம்கள் முக்குவருக்குத் துணைநின்றனர் என்றும், வெற்றியின் பின் அவர்கள் முக்குவப் பெண்களை மணந்தனர் என்றும், நிலம் பெண்வழியே செல்வதாதலின் பெண்ணோடு நிலமும் வந்தது என்றும் அக்கதை அமைகின்றது. இதனை நடந்த வரலாறாகக் கொள்ளுதல் அரிது. பின்னோர் தம் கண்முன் கண்ட வழக்கத்துக்குக் காரணம் தேடிய முயற்சியாகவே இது தோன்றுகின்றது. எனினும் ஒன்று தெளிவு: கதை கட்டியோருக்கும் நிலத்துக்குரிய வழி பெண் என்பதில் ஐயமிருக்கவில்லை. எஃப். எக்ஸ். சி. நடராசா 1962 இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’, வித்துவான் வி. சீ. கந்தையா 1964 இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ ஆகிய நூல்கள் இத்தகைய மரபுகளைத் தேடுவோர்க்கு இன்றியமையாதன.

குடியை ஆங்கிலத்தில் எழுத முற்பட்டோர் பட்ட இடர்ப்பாடு இங்கேயே தொடங்குகின்றது. ‘ஃபமிலி’ என்றால் அது சிறிது. ஒரு குடியினர் பல ஊர்களிலும் பரந்திருப்பர். சாதி என்றால் அது பெரிது. ஒரே சாதிக்குள் பல குடிகள் உள. ‘கிளான்’ என்பது தந்தைவழியை நினைவூட்டுவது. ஈற்றில் மானிடவியலாளர் தாய்வழிக் கிளான் என்று பொருள்படும் ஒரு கூட்டுச்சொல்லை ஏற்றனர். டெனிஸ் மக்கில்வ்ரே 2008 இல் வெளியிட்ட பெருநூல் அவ்வழக்கையே கையாளுகின்றது. ஆய்வாளருக்கு அடிக்குறிப்பு எழுத இடமுண்டு. சட்டத்துக்கும் படிவத்துக்கும் அந்த வசதி இல்லை. அவை ஒரு சொல்லைத் தெரிந்தாக வேண்டும்.

யாழ்ப்பாணத்து வழமைகளை ஒல்லாந்தர் 1707 இல் தேசவழமை எனத் தொகுத்தனர். பிரித்தானியர் 1806 இல் அதற்குச் சட்ட வலுவளித்தனர். மட்டக்களப்புக்கு அத்தகைய தொகுப்பு வாய்க்கவில்லை. 1638 இல் போர்த்துக்கேயரிடமிருந்து கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும், 1795 இல் அவர்களை வென்ற பிரித்தானியரும், இப்பிரதேசத்தின் உரிமை வழக்குகளில் ஊர்த்தலைவர்களின் வாய்மொழியையே பெரிதும் நம்பவேண்டியிருந்தது. ‘முக்குவச் சட்டம்’ என்று பெயர்பெற்ற அவ்வழமையைக் கிறிஸ்தோபர் பிறிற்றோ 1876 இல் சிறுநூலாக வெளியிட்டார். யாழ்ப்பாண வைபவமாலையை 1879 இல் ஆங்கிலத்தில் தந்தவரும் இவரே. அவர் விளக்கிய முறையின் சாரம் இது: முன்னோர் வழிவந்த முதுசொம் ஒருவன் இறந்தபின் அவனுடைய சகோதரியின் மக்களைச் சாரும், அவன் தன் முயற்சியால் ஈட்டிய தேட்டம் தன் மக்களைச் சாரும். ஆகவே ஒரு பிள்ளை முதுசொத்துக்குத் தந்தையை நோக்குவதில்லை, தாய்மாமனையே நோக்கும். தந்தையின் முதுசொம் வேறொரு குடிக்குரியது.

இங்கு ஒரு திருத்தம் கூறுதல் வேண்டும். தாய்வழி என்பதைக் கேட்டவுடனே பெண்ணாட்சி எனக் கருதி மகிழ்வோர் உளர். முக்குவச் சட்டத்தில் உரிமை பெண்வழியே ஓடிற்று. ஆயினும் அதனை ஆண்டவர்கள் பெரும்பாலும் ஆண்களே. மாமனிடமிருந்து மருமகன் பெற்றான். இருவரையும் இணைத்த கண்ணி மட்டுமே பெண். கேரளத்து மருமக்கத்தாயத்திலும் தறவாட்டை ஆண்டவர் காரணவரான மாமனே. அங்கும் ஆங்கில நீதிமன்றங்கள் ‘தறவாடு’ என்பதைக் கூட்டுக்குடும்பம் எனப் பெயர்த்துக் காரணவரை அதன் தலைவராக்கின. 1975 ஆம் ஆண்டின் கேரளச் சட்டம் அக்கூட்டுக்குடும்ப முறையையே நீக்கியது. ‘குடும்பம்’ என்னும் பெயர் சூட்டப்பட்டதனால் அது குடும்பச் சட்டத்தினாலேயே கலைக்கப்படக்கூடியதாயிற்று.

மட்டக்களப்பில் அக்கலைப்பு மிக முன்னரே நிகழ்ந்துவிட்டது. பிறிற்றோவின் நூல் அச்சேறிய அதே 1876 ஆம் ஆண்டிலேதான் இலங்கைச் சட்டவாக்கம் 15 ஆம் இலக்க விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தை நிறைவேற்றியது. கண்டியர், முஸ்லிம்கள், தேசவழமைக்குட்பட்ட வட மாகாணத் தமிழர் ஆகியோர் அதிலிருந்து விலக்கப்பட்டனர். கிழக்கு மாகாணத் தமிழருக்கு விலக்களிக்கப்படவில்லை. ஒரு வழமை நூலுருப் பெற்ற ஆண்டிலேயே சட்ட வலுவிழந்தமை இலங்கைச் சட்ட வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்றெனலாம். மரணசாசனம் எழுதாது இறந்தவரின் பொருளில் அரைப்பங்கு எஞ்சிய கணவனுக்கோ மனைவிக்கோ உரியது. ஏனையது ஆண் பெண் வேறுபாடின்றி மக்களுக்குச் சமமாகப் பங்கிடப்படும் என்பதே அச்சட்டத்தின் முறை. சகோதரியின் மக்கள் நெடுந்தொலைவிலே நிறுத்தப்பட்டனர். ‘ஃபமிலி’ என்னும் சொல்லுக்கு அச்சட்டம் வரைவிலக்கணம் கூறவில்லை. அதற்குத் தேவையுமிருக்கவில்லை. கணவன், மனைவி, மக்கள் என்னும் வட்டமே உரித்தாளர் வரிசையாக அமைந்தபோது அச்சொல்லின் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொருள் முழுவதும் அதனுள் அடங்கிவிட்டது.

இதனைக் கேடென்று மட்டும் கூறிவிட முடியாது. மகளும் மகனும் சமமாகப் பெறுவர் என்பது மாமனும் மருமகனும் ஆண்ட முறையினும் பெண்ணுக்கு நேரடியான உரிமையை அளித்தது. ஆனால் அது ஒரு சமுதாயத்தின் நிலவுடைமை அமைப்பை அதன் பெயரைக்கூட உச்சரியாது நீக்கியது என்பதையும் மறைத்தற்கில்லை.

வாவிக்கரை மக்கள் சட்டத்தை எதிர்த்துக் கிளர்ந்தார்களில்லை. இறப்புக்குப் பின் எவர் பெறுவர் என்பதையே சட்டம் விதித்தது. வாழும்போதே கொடுத்துவிட்டால் இறக்கும்போது பங்கிட என்ன இருக்கும்? சீதனம் இதற்கு ஏற்ற கருவியாயிற்று. மகள் மணம்புரியும்போது வீடும் வளவும் இயன்றால் வயலும் அவள் பேரில் நொத்தாரிசின் முன் சீதன உறுதியாக எழுதப்படலாயின. மாமனின் முதுசொத்தாக இருந்த நிலம் இவ்வாறு மகள்மாரின் சீதனமாக உருமாறியது. பெண்வழியே நிலம் செல்லுதல் என்னும் அடிப்படை நிலைத்தது. மருமகன் மட்டும் இடையிலிருந்து விலகினான். இக்கட்டத்திலேதான் பெண் கண்ணியாக இருந்த நிலையிலிருந்து உரித்தாளராக உயர்ந்தாள் என்பது ஆழ்ந்து நோக்கற்பாலது. முஸ்லிம்கள் 1876 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உட்படாதோராயினும், மகனுக்கு இருபங்கும் மகளுக்கு ஒருபங்கும் கூறும் தம் மார்க்கச் சட்டத்தின் முன்னே அவர்களும் சீதன வீட்டையே கைக்கொண்டனர்.

சீதன வீட்டின் நடைமுறை எளியது. மணமகன் மணமகளின் வீட்டுக்கு வந்து சேர்கின்றான். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்த பெற்றோர் ஏனைய பிள்ளைகளுடன் அவ்வளவிலோ அடுத்த வளவிலோ புதுவீடு அமைத்துக் குடிபுகுவர். அடுத்த மகளின் முறை வரும்போது அதுவும் அவளுக்குரியதாகும். இவ்வாறு ஓர் ஒழுங்கையின் இருமருங்கும் அக்கை தங்கையரின் வீடுகளே நிறைந்துவிடுகின்றன. ஆண்கள் அவ்வொழுங்கைக்கு வந்து சேர்ந்தவர்கள்.

சொற்பிறப்பும் இதனோடு ஒத்துச் செல்வது கவனிக்கத்தக்கது. ஆங்கிலத்தில் ‘ஹஸ்பண்ட்’ என்னும் சொல் பழைய நோர்ஸ் மொழிவழி வந்தது. வீட்டில் உறைபவன், வீட்டுக்குரியவன் என்பது அதன் பொருள். அங்கு வீடு ஆணுக்குரியது. தமிழிலோ இல்லிலிருந்து இல்லாளும் மனையிலிருந்து மனைவியும் தோன்றினர். ‘இல்லான்’ என்றால் கையிற் பொருளற்றவன்! இலக்கண ஆசிரியர் இதனை வெறுஞ் சொல்விளையாட்டு எனத் தள்ளக்கூடும். கல்லாற்றிலோ மருதமுனையிலோ மணமகளின் வீடு தேடிப் பெட்டியுடன் வந்த மணமகனுக்கு அதன் உண்மை விளங்கும்.

இருபதாம் நூற்றாண்டில் மோதல் வேறொரு வழியில் வந்தது. 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அரச காணிகளை அனுமதிப்பத்திரத்தின் மூலம் குடியேற்றவாசிகளுக்கு வழங்க வகைசெய்தது. காணி துண்டாடப்படுவதைத் தவிர்த்தல் அதன் நோக்கங்களுள் ஒன்றாதலின் ஒருவருக்குப் பின் ஒருவரே உரிமையேற்க வேண்டியிருந்தது. பின்னுரிமையாளர் பெயர் குறிக்கப்படாவிடின் எவர் பெறுவர் என்பதை அதன் மூன்றாம் அட்டவணை வகுத்தது: மகன்மார் முதலில், மகள்மார் பின்னர், ஆண்களுள் மூத்தவர் முதலில். தாய்வழியுமன்று, சமபங்குமன்று; மூத்த மகனின் வழி. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் அன்றைய மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பாகத்தையே மாற்றியமைத்தது. அம்பாறை 1961 இல் தனிமாவட்டமாயிற்று. கல்லோயாத் திட்டத்தின் இனப்பரம்பல் விளைவுகள் பலராலும் ஆராயப்பட்டவை. ஆனால் குடியேற்றக் காணி எந்த இனத்தவருக்குக் கிடைத்தாலும் அது அச்சட்டத்தின் ஆண்வழியைச் சுமந்தே கிடைத்தது என்னும் கூறு குறைவாகவே கவனிக்கப்பட்டது. சீதன உறுதி எழுதிப் பழகிய தந்தைக்கு அனுமதிப்பத்திரக் காணியைத் தன் விருப்பப்படி மகள்மார்க்குப் பிரித்தெழுதும் சுதந்திரமில்லை.

மூன்றாவது மோதல் 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடற்கோளைத் தொடர்ந்து நேர்ந்தது. நாவலடியிலும் கல்லடியிலும் கல்லாற்றிலும் பாண்டிருப்பிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கரையோர வீடுகள் நிலத்தோடு நிலமாயின. அவற்றுள் மிகப்பல பெண்களின் சீதன வீடுகள். கடலிலிருந்து வடக்குக் கிழக்குக் கரைகளில் 200 மீற்றருக்குள் மீளக்கட்டுதல் முதலில் தடுக்கப்பட்டமையால், பழைய வளவில் வீடெழுப்ப இயலாதோருக்கு அரசாங்கம் வேறிடத்திலே காணியளிக்க நேர்ந்தது. நிவாரணப் பட்டியல்களும் குடும்ப அட்டைகளும் வீட்டுத்திட்டப் படிவங்களும் வந்தன. எல்லாவற்றிலும் ஒரு கட்டம் இருந்தது: குடும்பத் தலைவர்.

தமிழில் ‘தலைவர்’ என்பது மரியாதைப் பன்மையாதலின் ஆணையும் பெண்ணையும் ஒருங்கே குறிக்கவல்லது. ஆயினும் படிவத்தை நிரப்பிய உத்தியோகத்தரும் நிரப்பக் கொடுத்த மக்களும் அதனை ஆண்பாலாகவே வாசித்தனர். கணவன் உயிரோடிருக்க மனைவி பெயரை அக்கட்டத்தில் எழுதுதல் எவருக்கும் தோன்றவில்லை. கணவன் இறந்தாலோ பிரிந்து சென்றாலோ மட்டுமே பெண் குடும்பத்தலைவியானாள். விளைவு வெளிப்படை. கடல் கொண்ட வீடு மனைவியின் பெயரில் இருந்தது. அதற்கு ஈடாகக் கிடைத்த வீடு கணவனின் பெயருக்குச் சென்றது. உரோமரின் ‘ஃபமிலியா’வில் உறைந்திருந்த தலைவன் ஈராயிரம் ஆண்டு கடந்து மட்டக்களப்பின் படிவமொன்றில் எழுந்து நின்றான் எனலாம். ஒரு தலைமுறைக்கு முன் ஊரார் எவரும் அவனை வீட்டுக்கு உரியவனாகக் கருதியிரார். அவனும் தன்னை அவ்வாறு கருதியிரான்.

பெண்கள் அமைப்புகள் இக்குறையைச் சுட்டிக்காட்டின. கணவன், மனைவி இருவர் பெயரிலும் உறுதி வழங்கப்படல் வேண்டும் எனக் கோரின. இணை உரிமை என்பது நியாயமான கோரிக்கையே. ஆனால் அதுகூட எழுவான்கரைப் பெண்ணொருத்திக்கு முழுமையாக இருந்ததைப் பாதியாகத் திருப்பிக் கொடுப்பதே என்பதை மறத்தலாகாது. கொழும்பிலும் வெளிநாட்டுத் தலைநகர்களிலும் வகுக்கப்பட்ட திட்டங்கள் பெண்ணுக்கு எதிரான எண்ணத்தோடு வகுக்கப்பட்டனவல்ல. பல நிறுவனங்கள் பெண்களின் மேம்பாட்டையே தம் குறிக்கோளாக அறிவித்திருந்தன. ஒரு வீட்டில் ஒரு தலைவர் இருப்பார், அவர் ஆணாயிருப்பார் என்னும் முன்முடிவு அச்சொல்லிலேயே மறைந்திருந்தமையால் அது எவர் கண்ணுக்கும் படவில்லை. போர் நடந்த ஆண்டுகளில் கணவரை இழந்த பெண்கள் இப்பிரதேசத்தில் பலராயிருந்தமையும், சீதன வீடே அவர்களுக்கு எஞ்சிய ஆதாரமாயிருந்தமையும் இவ்விழப்பின் கனத்தைக் கூட்டுவன.

சட்டத்தில் சில திருத்தங்கள் நேர்ந்துள்ளன. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் அட்டவணையில் ஆண்மக்களுக்கு அளிக்கப்பட்ட முதன்மை, எட்டுப் பத்தாண்டுகளுக்கு மேலாக நிலைத்தபின், 2022 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தினால் நீக்கப்பட்டது. கோயில்களில் மாமனுக்குப் பின் மருமகன் என்னும் முறை பலவிடத்தும் தளர்ந்து, மகனே பதவியேற்க முயலும் வழக்குகள் எழுந்துள்ளன. குடியின் பெயரை அறியாத இளைஞரும் நகரங்களில் உளர். திருமணப் பேச்சு எழும்போது அவர்களுடைய தாய்மார் அதனை அறிந்து கூறுவர்.

வீடு மட்டும் தன் பழைய வழியை விட்டு விலகவில்லை. கடற்கோளுக்குப் பின் கட்டப்பட்ட வீடுகளைப் பற்றி மக்கில்வ்ரேயும் பற்றீசியா லோரன்சும் செய்த ஆய்வு, மகளுக்குச் சீதன வீடு தேடும் கவலையே அத்திட்டங்களை நோக்கிய பெற்றோரின் முயற்சிகளை வழிநடத்தியமையைக் காட்டுகின்றது. படிவத்தில் தந்தை குடும்பத்தலைவராகக் கையொப்பமிட்டார். அதே வேளையில் அவ்வீடு எந்த மகளுக்குரியது என்பது அடுக்களையில் முன்னரே முடிவாகியிருந்தது.